சொன்னது நானில்லை

இலங்கையின் வன்னியில், மாங்குளத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு மாமி இருக்கிறார். அவருடைய கொழுந்தன் குடும்பம் கனடாவில். அந்தக் குடும்பத்துப் பொடியன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் கதைப்பான், எழுத வராது. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு எல்லோருமாகச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கி அப்பம்மாவைத் திகைக்க வைப்பது என்று ஏற்பாடு. இங்கே மாமிக்கு மட்டும்தான் விசயம் தெரியும். ஒருநாள் பின்னேரம் போனையும் கொண்டு ஓடி வந்தார்.

“இஞ்ச பிள்ளை, இவன் இங்கிலிசிலை என்னவோ போட்டிருக்கிறான். ஒருக்கா வாசிச்சுச் சொல்லு.”

வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி: ‘இட் வொஸின்ட் மீ ஹூ டோல்ட் அப்பம்மா.’

நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். அந்த அவசரத்தில், “தான் அப்பம்மாட்டச் சொல்லேல்லையாம் மாமி” என்றேன். மாமி நிம்மதியாகப் போய்விட்டார். அடுத்த நாள் விடியவே படலையில் நின்று சத்தம் போட்டார். “கிழவிக்கு ஒரு கிழமையா எல்லாம் தெரியுமாம்! முறுக்குச் சுட ஆளும் பிடிச்சு வைச்சிருக்குது. நீ என்னெண்டா, சொல்லேல்லை எண்டாய்!”

பிழை என்னுடையதுதான். பொடியன் ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் எழுதியதைச் சரியாகத் தமிழில் சொல்லியிருந்தால் “அப்பம்மாட்டச் சொன்னது நானில்லை” என்று வந்திருக்கும். அதைக் கேட்ட உடனேயே மாமி, “அப்ப ஆர் சொன்னது?” என்று திருப்பிக் கேட்டிருப்பார். நான் சொன்ன “சொல்லேல்லை”யில் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போய்விட்டது.

இந்த இரண்டு வசனங்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். “நான் சொல்லவில்லை.” “சொன்னது நானில்லை.” முதலாவதைக் கேட்பவருக்கு, சொல்லப்பட்டதா இல்லையா என்றே தெரியாது. இரண்டாவதில் யாரோ சொல்லியாகிவிட்டது, ஆள் யார் என்பது மட்டும்தான் பாக்கி. ஆங்கிலத்திலும் இதே வேறுபாடு உண்டு. ‘ஐ டிடின்ட் டெல் அப்பம்மா’ என்பது முதலாவது. பொடியன் அனுப்பியது இரண்டாவது. இந்த இரண்டாவது வகை வசனத்தை ஆங்கில இலக்கணக்காரர் ‘கிளெஃப்ட் சென்டன்ஸ்’ என்பார்கள். கிளெஃப்ட் என்றால் பிளந்தது. தமிழில் பிளவு வாக்கியம் எனலாம். பெயரை 1937இல் வைத்தவர் ஒட்டோ ஜெஸ்பெர்சன் என்ற டென்மார்க் மொழியியலாளர். அவருடைய தாய்மொழியான டேனிஷில் இந்த வகை வசனம் ஆங்கிலத்தை விடவும் தாராளமாகப் புழங்கும். அதனால்தான் அவர் கண்ணில் அது பளிச்சென்று பட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

(ஆங்கில வசனங்களைத் தமிழெழுத்திலேயே எழுதுகிறேன். கண்ணால் மட்டும் ஓட்டாமல் வாய்விட்டு வாசித்தால் சத்தம் பிடிபடும்.)

பின்னேரங்களில் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். கொட்டில் மாதிரி ஒரு ஓலைக் கூரை, ஒரு கரும்பலகை, அவ்வளவுதான் வசதி. பிளவு வாக்கியத்துக்கு அங்கே நான் எப்போதும் எடுப்பது கச்சான் தோட்டக் கதை. வளவில் கச்சான் போட்டிருக்கிறது. இரவு யாரோ படலையைத் திறந்தபடி விட்டுவிட்டார்கள். கட்டாக்காலி மாடுகள் புகுந்து விளாசிவிட்டன. விடிந்ததும் வீட்டில் எல்லோருடைய முகமும் ஒரே கேள்வியோடு நிற்கிறது.

வெறும் வசனம் இது: ‘மை பிரதர் ஓபின்ட் த கேட்.’ தம்பி படலையைத் திறந்தான். செய்தி மட்டும்தான், அழுத்தம் ஒன்றும் இல்லை. இப்போது இதைப் பாலை விறகு மாதிரி பிளக்க வேண்டும். ‘மை பிரதர்’ ஒரு துண்டு. ‘ஓபின்ட் த கேட்’ மற்றத் துண்டு. முதல் துண்டுக்கு முன்னால் ‘இட் வொஸ்’ வையுங்கள். இரண்டாவது துண்டுக்கு முன்னால் ‘ஹூ’ வையுங்கள்.

‘இட் வொஸ் மை பிரதர் ஹூ ஓபின்ட் த கேட்.’

படலையைத் திறந்தது தம்பிதான். விறகு அதே விறகு, ஒரு சிராய்கூடக் குறையவில்லை. இரண்டு துண்டானதும் ஒரு துண்டில் வெளிச்சம் விழுகிறது, மற்றது நிழலுக்குள் போகிறது. தம்பிமேல் வெளிச்சம். படலை திறந்திருந்த விசயம் நிழலில். எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதானே, அதை ஏன் இன்னொரு தரம் சொல்ல வேண்டும் என்பது போல.

ஆங்கிலத்துக்கு இந்தச் சுற்றுவழி எதற்கு? அங்கே சொற்கள் இடம் மாறாது. ‘மை பிரதர் ஓபின்ட் த கேட்’ என்பதில் தம்பியைக் கடைசிக்குக் கொண்டுபோனால் படலை தம்பியைத் திறந்ததாகிவிடும். நமக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. படலையைத் தம்பி திறந்தான், தம்பி படலையைத் திறந்தான், திறந்தான் தம்பி படலையை என்று எப்படிப் புரட்டினாலும் யார் எதைத் திறந்தார் என்பது குழம்பாது. ‘ஐ’ உருபு ஒன்று ஒட்டிக்கொண்டு காவல் நிற்கிறது. போதாக்குறைக்குத் ‘தான்’ என்று ஒன்றை எங்கே வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம். இந்த இரண்டு வசதியும் ஆங்கிலத்துக்கு இல்லை. பேசும்போது குரலை உயர்த்தி ‘மை பிரதர்’ என்பதை ஓங்கிச் சொல்லிச் சமாளிப்பார்கள், நாள் முழுக்க அதுதான் நடக்கிறது. கடிதத்தில் குரல் இல்லை. அங்கேதான் பிளவு வாக்கியம் மெத்தத் தேவைப்படுகிறது.

‘தான்’ பற்றிச் சொல்லும்போதே ஒரு பொறியையும் காட்டிவிட வேண்டும். “தம்பிதான் படலையைத் திறந்தான்” என்பதை மொழிபெயர்க்கச் சொன்னால், பத்துப் பிள்ளைகளில் ஏழு பேராவது ‘மை பிரதர் ஒன்லி ஓபின்ட் த கேட்’ என்று எழுதுவார்கள். பிள்ளைகளைச் சொல்வானேன், கந்தோர்க் கடிதங்களிலும் பார்த்திருக்கிறேன். ஆங்கிலக் காதுக்கு இது வேறு மாதிரிக் கேட்கும். “தம்பி படலையைத் திறந்தான், அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை.” குற்றம் சாட்டப் போய், தம்பிக்காக வக்கீலாகிவிடுகிறோம்! ‘தான்’ வருகிற இடத்தில் கை ‘ஒன்லி’யைத் தேடினால், ஒரு நிமிடம் நிறுத்தி, “இங்கே ‘இட் வொஸ்’ பொருந்துமா?” என்று பாருங்கள். பெரும்பாலும் பொருந்தும்.

அடுத்த பொறி ‘இட்’. பிள்ளைகள் அதை ‘அது’ என்று பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு ‘ஹூ’வை ‘யார்’ என்று பிடிக்கிறார்கள். முடிவில் “அது என் தம்பியாக இருந்தது, யார் படலையைத் திறந்தான்” என்று ஒரு விநோதம் வந்து நிற்கும். இந்த ‘இட்’ ஒன்றையும் சுட்டாது. ஆங்கில வசனத்துக்கு எழுவாய் இடம் வெறுமையாய் இருக்கக்கூடாது, அதற்காக உட்கார்த்தி வைத்த ஆள். மழை பெய்கிறது என்பதை ‘இட் இஸ் ரெயினிங்’ என்கிறார்களே, அங்கேயும் எது பெய்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. ‘ஹூ’வும் இங்கே கேள்வி கேட்கவில்லை. அது இரண்டு துண்டையும் பிணைக்கிற கயிறு. அதற்குப் பதில் ‘தட்’ போட்டாலும் சரிதான்: ‘இட் வொஸ் மை பிரதர் தட் ஓபின்ட் த கேட்.’ ஆளைச் சொல்லும்போது ‘விச்’ மட்டும் வேண்டாம்.

‘இட்’ வெறும் இருக்கை நிரப்பி என்பதால் அது எப்போதும் ஒருமைதான். திறந்தது இரண்டு தம்பிமார் என்றாலும் ‘தே வேர்’ என்று தொடங்கக்கூடாது. ‘இட் வொஸ் மை பிரதர்ஸ் ஹூ வேர் அட் த கேட்’ என்று, முன்னால் ஒருமை, ‘ஹூ’வுக்குப் பிறகு பன்மை. ‘ஹூ’வுக்குப் பின்னால் ‘ஹி’ ஒன்றைச் செருகுவதும் எங்கள் பக்கத்து வழக்கமான பிழை: ‘ஹூ ஹி ஓபின்ட்’. ஹூ ஏற்கெனவே அந்த ஆளின் இடத்தில் நிற்கிறது. ஒரு கதிரையில் இரண்டு பேர் இருக்க முடியாது. “நான்” என்று வரும்போது ‘இட் இஸ் ஐ ஹூ ஆம்’ என்பது இலக்கணப் புத்தகத்து வாசம். சாதாரணமாகப் பேசும் ஆங்கிலத்தில் ‘இட்ஸ் மீ’, ‘இட் வொஸ் மீ’ என்றுதான் கேட்பீர்கள். கனடாப் பொடியன் எழுதியதும் அப்படித்தான்.

இதெல்லாம் வடிவம். ஒரு கிழமைப் பயிற்சியில் வந்துவிடும். பொருள்தான் உண்மையில் கவனிக்க வேண்டியது. பாடப்புத்தகங்கள் “அழுத்தம் கொடுக்கப் பயன்படும்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுகின்றன. அந்த ஒரு வரி போதாது என்பது என் அபிப்பிராயம்.

‘இட் வொஸ் மை பிரதர் ஹூ ஓபின்ட் த கேட்’ என்று சொல்பவர் ஒரே மூச்சில் மூன்று விசயம் சொல்கிறார். படலை திறக்கப்பட்டது, அதில் பேச்சுக்கு இடமில்லை. திறந்தவன் என் தம்பி. அவனைத் தவிர வேறு ஆளில்லை. இவற்றில் நடுவில் உள்ளதைத்தான் அவர் புதிதாகச் சொல்கிறார். முதலாவதை, கேட்பவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மாதிரி வைத்துக்கொண்டுதான் பேச்சையே தொடங்குகிறார். மூன்றாவது சொல்லாமலே கூட வருகிறது. தம்பியோடு சேர்ந்து மச்சானும் திறந்தான் என்றால் இந்த வசனம் பாதிப் பொய். அதனால்தான் ‘ஈவன்’, ‘ஆல்சோ’ போன்ற “கூட” வகைச் சொற்கள் ‘இட் வொஸ்’சுக்குப் பிறகு சரியாக ஒட்டுவதில்லை. “திறந்தது தம்பியும்தான்” என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், அங்கேயும் கொஞ்சம் இடறும்.

முதலாவது விசயத்தை அசைத்துப் பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. வசனத்தில் ‘நொட்’ போட்டுப் பாருங்கள். ‘மை பிரதர் டிட் நொட் ஓபின்ட்’ என்று எழுதிவிடாதீர்கள், ‘டிட்’ வந்தால் வினை ‘ஓபின்’ ஆகச் சுருங்கும். ‘மை பிரதர் டிட் நொட் ஓபின் த கேட்’ என்றால் படலை திறந்ததா, பூட்டியிருந்ததா என்றே சொல்ல முடியாது. ‘இட் வொஸ் நொட் மை பிரதர் ஹூ ஓபின்ட் த கேட்’ என்று மறுத்தாலும் படலை திறந்தபடியேதான் கிடக்கும். மாடும் உள்ளேதான். மறுப்பு தம்பியை மட்டும் தொட்டுவிட்டு நின்றுவிடுகிறது, நிழலில் கிடக்கும் துண்டை அது தொடாது.

கேள்வியிலும் இதே கதைதான். பிள்ளைகளிடம் நான் இப்படிக் கேட்பதுண்டு. காட்டில் ஒரு முதிரை மரம் பற்றி உங்களை ஒருவர் ஆங்கிலத்தில் விசாரிக்கிறார். ‘டிட் யூ கட் த ட்ரீ?’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ‘நோ, ஐ டிடின்ட்.’ சரி. அதையே ‘வொஸ் இட் யூ ஹூ கட் த ட்ரீ?’ என்று கேட்டால்? ஒரு பெடியன் உடனே, “அதுக்கும் நோதான் ரீச்சர்” என்றான். “நோ சொன்னாலும் மரத்தை விழுத்திப்போட்டாய்” என்றேன். முதல் கேள்வியில் மரம் இன்னும் நிற்கலாம். இரண்டாவது கேள்வி மரம் வெட்டப்பட்டதை முடிந்த காரியமாக வைத்துக்கொண்டு ஆளை மட்டும் தேடுகிறது. ‘நோ’ என்று ஒற்றைச் சொல்லில் மறுத்தால் அந்த ஏற்பாட்டுக்கு நாமும் தலையாட்டியதாகிவிடும். மரம் நிற்கிறது என்றால் ‘நோபடி கட் த ட்ரீ’ என்று, அடியோடு மறுக்க வேண்டும். வாக்குமூலம், மொழிபெயர்ப்பாளர், “இதைத்தானே சொன்னீர்கள், இதில் ஒப்பமிடுங்கள்” என்பதெல்லாம் வன்னியில் பல வீடுகளுக்குப் பழகிப்போன விசயம். அங்கே இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாக மொழிபெயர்ப்பது, பால் பொங்கி வழிந்த கணக்கோடு முடியாது.

வரலாற்றுப் பாடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு வசனத்தையும் பலகையில் எழுதுவேன். ஒட்டுசுட்டானுக்குக் கிட்டக் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட கல் ஒன்று. 1803 ஒக்ரோபர் 31ஆம் திகதி இந்தப் பக்கத்தில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் ஒரே வசனம். பண்டாரவன்னியன் எங்கள் வன்னியை ஆண்டவன். சாதாரண வசனம்தான், பிளவு ஒன்றும் இல்லை. பிளக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுப்பேன். எந்த இடத்தில் பிளக்கிறோமோ, அதற்கேற்ற கேள்விக்குப் பதிலாகிவிடும்.

யார் தோற்கடித்தது? ‘இட் வொஸ் கப்டன் டிறிபேர்க் ஹூ டிஃபீட்டட் பண்டாரவன்னியன்.’ யாரைத் தோற்கடித்தது? ‘இட் வொஸ் பண்டாரவன்னியன் ஹூம் கப்டன் டிறிபேர்க் டிஃபீட்டட்.’ இந்த ‘ஹூம்’ கொஞ்சம் சட்டை போட்ட ஆங்கிலம். பேச்சில் ‘ஹூ’ என்பார்கள், அல்லது கயிற்றையே கழற்றிவிடுவார்கள். செய்தவரைச் சுட்டும்போது மட்டும் கழற்றக்கூடாது. எங்கே? ‘இட் வொஸ் அட் கற்சிலைமடு தட்’ என்று தொடங்கலாம். எப்போது? ‘இட் வொஸ் இன் 1803 தட்’. இடத்துக்கும் காலத்துக்கும் ‘ஹூ’ வராது, ‘தட்’தான்.

போன வருடம் இப்படி நாலு விதமாகப் பிளந்து முடித்த பிறகு, பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: “ரீச்சர், எப்பிடிப் பிளந்தாலும் தோத்தது நாங்கள்தானே?” நான் சொல்லிக்கொடுக்க நினைத்ததை விடத் திறமாக அவள் பிடித்துவிட்டாள். எந்த இடத்தில் கோடரி விழுந்தாலும் நிழலில் கிடக்கிற துண்டில் அந்தத் தோல்வி அப்படியே இருக்கிறது. வேறு கதை வேண்டுமென்றால் வேறு வசனத்தைத்தான் பிளக்க வேண்டும். அதே 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது யார்? ‘இட் வொஸ் பண்டாரவன்னியன் ஹூ கப்சர்ட் த ஃபோர்ட்.’ அவளே எழுந்து வந்து எழுதினாள். ‘கப்சர்ட்’டில் எழுத்துப் பிழை விட்டாள், நான் திருத்தவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். “சொன்னது நானில்லை” என்பதைப் பார்த்தாலே தெரியும், நம் வாய்க்கு இந்தப் பிளவு புதிதல்ல. வினையைச் “சொன்னது” என்று பெயராக்கி ஒரு பக்கம் வைக்கிறோம், ஆளை மறுபக்கம் வைக்கிறோம். “ஆர் உடைச்சது?”, “எப்ப வந்தது?”, “உவர்தான் கேட்டது” என்று வன்னியில் ஒரு மணித்தியாலம் காதைக் கொடுத்து நின்றால் இருபது பிளவு வாக்கியமாவது விழும். “நான் நேற்று வந்தனான்” என்கிறோமே, அதிலும் “வந்தேன்” என்ற நேர் வினைக்குப் பதிலாக “வந்த நான்” என்ற பெயர் உட்கார்ந்திருக்கிறது. அது தேய்ந்து தேய்ந்து சாதாரண இறந்தகாலம் ஆகிவிட்டது. வவுனியாப் பக்கம் சிங்களம் கேட்கிறவர்களுக்கு ‘மம தமய் கிவ்வே’ தெரிந்திருக்கும். ‘கிவ்வா’ என்ற வினை ‘கிவ்வே’ என்று மாறுவதே, வெளிச்சம் ‘மம’ மேல் விழுந்துவிட்டது என்பதற்கு அடையாளம். மலையாளத்தில் ‘ஞானாணு பறஞ்ஞது’. எல்லாம் “நான்தான் சொன்னது”தான்.

பள்ளிக்கூடத்தில் ஏகாரத்தின் பொருள்களை மனப்பாடம் செய்தவர்களுக்குப் பிரிநிலை ஏகாரம் ஞாபகம் இருக்கும். “அவருள் இவனே கள்வன்.” கூட்டத்தில் இருந்து ஒருவனைப் பிரித்து நிறுத்துகிற ஏகாரம். களவு நடந்தது ஏற்கெனவே தெரியும், அவர்களுக்குள் ஒருவன் என்பதும் தெரியும், எவன் என்பது மட்டும் புதிது. பிளவு வாக்கியத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை நான் ஆங்கிலப் புத்தகங்களில் காணவில்லை. பிரித்துக் காட்டுவதைப் “பிரிநிலை” என்று நம் இலக்கணக்காரர் சொன்னதையும், டென்மார்க்காரர் “பிளந்தது” என்று சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு சந்தோசம்.

அப்படியென்றால் எங்கே இடிக்கிறது? ஒழுங்கில். “சொன்னது நானில்லை” மாதிரித் தமிழ் வசனத்தில் நடந்தது முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார்: படலையைத் திறந்தது தம்பி. ‘இட் வொஸ்’ வசனத்தில் ஆள் முன்னால், நடந்தது பின்னால். தமிழ் ஒழுங்கிலேயே ஆங்கிலம் எழுத ஆசையென்றால் அதற்கும் வழி உண்டு: ‘த வன் ஹூ ஓபின்ட் த கேட் வொஸ் மை பிரதர்.’ இது கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல் “படலையைத் திறந்தவன் தம்பி”. தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் பழக்குகிறேன், ‘இட் வொஸ்’ பிறகு. ஆனால் ‘த வன்’னை விழுங்கிவிட்டு ‘ஹூ ஓபின்ட் த கேட் வொஸ் மை பிரதர்’ என்று எழுதினால் நிற்காது. ஆளல்லாத பொருளுக்கு மட்டும் ‘வட்’ தனியாக வரலாம்: ‘வட் த கௌஸ் ஏட் வொஸ் த பீநட்ஸ்.’ மாடு தின்றது கச்சான். செய்த செயலையே வெளிச்சத்தில் நிறுத்த வேண்டுமென்றாலும் ‘வட்’தான் கைகொடுக்கும்: ‘வட் ஹி டிட் வொஸ் ஓபின் த கேட்.’ ‘இட் வொஸ்’சுக்குப் பின்னால் வினையை நிறுத்த முடியாது.

பழகின பிறகு இன்னொரு தொல்லை தொடங்கும். எல்லா வசனத்தையும் பிளக்கத் தொடங்கிவிடுவார்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிற ஒரு பெடியன் ‘இட் இஸ் ஐ ஹூ ஆம் அப்ளையிங்’ என்று தொடங்கியிருந்தான். “விண்ணப்பிப்பது நானேதான்” என்று! வேறு யாரோ விண்ணப்பித்ததாக ஊரில் ஒரு கதை உலாவினால் அல்லவா அப்படி எழுத வேண்டும். கேட்பவருக்கு நடந்ததே தெரியாது என்றால் பிளக்காதீர்கள், முதலில் நேரே சொல்லுங்கள். “எங்கள் கச்சான் தோட்டத்துக்குள் மாடு வந்துவிட்டது. படலை திறந்திருந்தது.” அப்புறம் யார் திறந்தார் என்ற கேள்வி தானாக எழும்பும். அந்த இடத்தில் பிளவைப் போட்டால் ஆணி அடித்த மாதிரி இறங்கும். கதை எழுதுகிறவர்கள் மட்டும் இதை மீறுவார்கள். ‘இட் வொஸ் இன் 1803 தட்’ என்று, வாசகருக்குத் தெரியாததையே தெரிந்தது மாதிரி வைத்துத் தொடங்குவார்கள். அது ஒரு நடைதான், தொடக்ககாரர் அதற்கு அவசரப்படத் தேவையில்லை.

ஆளை மறைக்க வேண்டிய இடமும் உண்டு. அங்கே ஆங்கிலம் செயப்பாட்டு வினையை எடுக்கும்: ‘த கேட் வொஸ் ஓபின்ட்.’ படலை திறக்கப்பட்டது. யாரால் என்று கேட்காதே. கந்தோர்களுக்கு இந்த வசனம் மெத்தப் பிடிக்கும், “தங்களது கோப்பு தவறவிடப்பட்டுள்ளது” என்று வரும் கடிதங்களைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். முறைப்பாடு எழுதுகிறவருக்குத் தேவைப்படுவது இதற்கு நேர் எதிரானது.

மாமியின் கதையை விட்ட இடத்தில் இருந்து முடித்துவிடுகிறேன். அன்று காலை படலையில் நின்று சத்தம் போட்ட பிறகு உள்ளே வந்தார், தேத்தண்ணி குடித்தார், கோபம் இறங்கியது. பிறகு போனை நீட்டினார். “நானில்லை எண்டால் வேற ஆராம்? கேட்டு எழுது.” நான் ‘தென் ஹூ வொஸ் இட்?’ என்று மட்டும் தட்டினேன். ‘தட் டோல்ட் அப்பம்மா’ என்ற வாலைப் போடவில்லை. அது இரண்டு பேருக்கும் தெரிந்த துண்டு, நிழலில் கிடப்பது, வெட்டிவிட்டாலும் வசனம் நிற்கும். அங்கே இரவு. பதில் வர நேரமாகும் என்று மாமி இரண்டாவது தேத்தண்ணியும் கேட்டார். ஊற்றி முடிக்கும் முன்னமே போன் கிணுகிணுத்தது. பொடியனும் வாலில்லாமல்தான் எழுதியிருந்தான்.

‘இட் வொஸ் அப்பா.’

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மாமி கிளாசை வைத்துவிட்டு எழும்பினார். “அவன்தான் எண்டு எனக்கு அப்பவே தெரியும். சின்னனிலையும் அவன்தான் எல்லாத்தையும் போய்க் கொட்டுறது.”